தோட்டத்தைக் கொத்தும் பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் பறவைகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. விதை போட்டு நாலு நாள்ல பாத்தியே காலி. பறவைதான் வேலையைக் காட்டுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முதலில் நேரத்தைப் பாருங்கள். பறவைகள் பகலில்தான் வரும், அதிலும் விடிந்த கையோடும் வெயில் தாழ்ந்த பிறகும் அதிகமாக வரும். இருட்டும்போது நன்றாக இருந்த செடி விடியும்போது மொட்டையாக நின்றால் எலி, நத்தை, வௌவால், புழு இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். நத்தை போன வழியில் காய்ந்த பளபளப்புக் கோடு இருக்கும். எலியும் அணிலும் கடித்த பழத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பல் தடம் பதிந்திருக்கும். பறவை கொத்திய பழத்தில் குழிந்த துளையோ முக்கோணமாகக் கிழிந்த தோலோ இருக்கும். மரத்தடியில் சாறு உறிஞ்சித் துப்பிய நார் உருண்டைகள் கிடந்தால் அது வௌவால்.

நாற்று வேரோடு பிடுங்கப்பட்டு, அடியிலிருந்த விதை மட்டும் காணாமல் போயிருந்தால் காக்கை. தண்டு மண் மட்டத்தில் அறுபட்டுப் பக்கத்திலேயே சாய்ந்து கிடந்தால் வெட்டுப்புழு. அதற்கு வலை கட்டிப் பயனில்லை.

இதற்குப் பிறகும் குழப்பம் தீரவில்லை என்றால், பாத்தியில் ஓர் ஓரத்தைப் பகலில் மட்டும் கூடையால் மூடுங்கள். இன்னொரு ஓரத்தை இரவில் மட்டும் மூடுங்கள். எந்த ஓரம் தப்புகிறது என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

2. எல்லாப் பறவைக்கும் ஒரே வழி போதாதா?

போதாது. ஒவ்வொன்றும் வேறு வேறு பருவத்தில், வேறு வேறு பொருளுக்காக வருகிறது. புறா மேலாகக் கிடக்கும் விதையையும் பயறுச் செடியின் இளந்தளிரையும் தேடி வரும். காக்கை பெரிய விதைகளை, குறிப்பாக மக்காச்சோளத்தை, முளைத்த பிறகு பிடுங்கும். சிட்டுக்குருவி கீரையின் இளம் இலையைக் கிள்ளும், புதிதாகக் கிளறிய பாத்தியில் மண்குளியலும் போடும். கொண்டைக்குருவியும் மைனாவும் மென்மையான பழத்துக்கு வரும். கிளி பழுக்கும்வரை காத்திருக்காது, செங்காயையே கடித்துப் பாதி தின்று மீதியைப் போட்டுவிடும். தவிட்டுக்குருவியும் அடுத்த வீட்டுக் கோழியும் புழுவுக்காக மண்மேல் பரப்பிய மூடாக்கைக் கிளறும்போது நாற்று கூடவே வந்துவிடுகிறது.

3. பறவையே வராம பண்ணிட்டா நிம்மதிதானே?

அப்படிச் செய்தால் புழு பெருகும். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சிகளையே ஊட்டுகிறது. சீனாவில் 1958இல் சிட்டுக்குருவிகளைப் பயிரின் எதிரி என்று அறிவித்துக் கூட்டம் கூட்டமாக ஒழித்தார்கள். பூச்சிகள் பெருகியதைப் பார்த்து 1960இல் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் உண்மையான ஆபத்துக் காலம் இரண்டுதான். ஒன்று, விதைத்ததிலிருந்து நாற்று 10 செ.மீ. உயரும்வரை. மற்றொன்று, காய் நிறம் மாறத் தொடங்குவதிலிருந்து பறிக்கும்வரை. அந்த வாரங்களில் மட்டும் இறுக்கமாகக் காத்தால் போதும். இடைப்பட்ட நாட்களில் பறவைகள் தாராளமாக வந்து புழு பொறுக்கட்டும்.

4. விதைச்ச இடத்தை மட்டும் காப்பாத்தணும். சுலபமா என்ன செய்யலாம்?

கோழி வலை என்று சொல்கிற கம்பி வலையைப் பாத்தியைவிட நாலு பக்கமும் 15 செ.மீ. கூடுதலாக வெட்டி, நடுப்பகுதியைக் கூரை போல மடித்துக் கவிழ்த்து வையுங்கள். தரையோடு படிய விட்டால் முளை கம்பிக்கண் வழியாக வளர்ந்து மாட்டிக்கொள்ளும், எடுக்கும்போது தலை ஒடியும். உச்சி 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். ஓரங்களில் செங்கல் வையுங்கள்.

விதைப்பதிலும் கவனம் வேண்டும். மேலே சிதறிய நாலு விதைதான் புறாவுக்கு முதல் அழைப்பு. பயறு, மக்காச்சோளம் போன்றவற்றை 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் போட்டு, மண்ணை மூடி உள்ளங்கையால் அழுத்துங்கள், சிந்தியதைப் பொறுக்கிவிடுங்கள். காக்கைத் தொல்லை அதிகமென்றால் மக்காச்சோளத்தைத் தட்டில் முளைக்கவைத்து, விதையிலிருந்த சத்து தீர்ந்த பிறகு நடுங்கள். முளைத்து இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும், அதன் பிறகு பிடுங்கினாலும் காக்கைக்கு லாபமில்லை.

5. நூல் கட்டினா குருவி வராதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

சிறிய பாத்திக்குப் பலன் உண்டு. குச்சிகளை நட்டு 5 செ.மீ. உயரத்தில் ஒரு வரிசையும் 15 செ.மீ. உயரத்தில் இன்னொரு வரிசையுமாகக் குறுக்கும் நெடுக்கும் கட்ட வேண்டும். கண்ணில் சரியாகப் படாத ஏதோ ஒன்று இறக்கையில் இடிப்பதால் குருவி தயங்குகிறது.

பருத்தி நூல் மட்டுமே பயன்படுத்துங்கள். மாட்டிக்கொண்ட பறவை இழுத்தால் அது அறுந்துவிடும். நைலானும் தூண்டில் நரம்பும் அறுவதில்லை, காலைத்தான் அறுக்கின்றன.

6. வலை வாங்கப் போனா ஏகப்பட்ட கண் அளவு இருக்கு. எதை எடுக்கறது?

வலையை எங்கே கட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பால்கனி போல நாலு பக்கமும் இறுக்கி இழுத்துக் கட்டக்கூடிய இடத்துக்கு முடிச்சுப் போட்ட தடித்த வலை சரி. புறாவுக்கு மட்டும் என்றால் 50 மி.மீ. கண் வரை போகலாம், மைனாவுக்கு 28 மி.மீ., சிட்டுக்குருவிக்கு 19 மி.மீ. போதும்.

செடியின் மீதோ மரத்தின் மீதோ போடும் வலை வேறு கதை. அதை எவ்வளவு இழுத்தாலும் எங்கேயாவது தொய்வு இருக்கும். தொய்ந்த பெரிய கண்ணில் பறவை தலையை விட்டுத் திரும்ப எடுக்க முடியாமல் சாகும். பாம்பும் வௌவாலும்கூட மாட்டும். ஆகவே அங்கே நெசவு போலப் பின்னிய, 5 மி.மீ.க்கு மிகாத கண் உள்ள வெள்ளை வலைதான் நல்லது. சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள், நுழைந்தால் அந்த வலை வேண்டாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இது சட்டமே. 2021 செப்டம்பர் 1 முதல், வீட்டுப் பழச்செடிக்குப் போடும் வலையை முழுக்க இழுத்துப் பிடித்தாலும் கண் 5 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது.

இரண்டுக்குமே புற ஊதாக் கதிரைத் தாங்கும் வலையா என்று கேட்டு வாங்குங்கள். தாங்காத வலை வெயிலில் காய்ந்து நொறுங்கி, துண்டு துண்டாகப் பாத்தி முழுக்கச் சிதறும். தூண்டில் நரம்பில் செய்த மெல்லிய வலையைத் தொடவே வேண்டாம்.

7. வலையைச் செடி மேலயே போர்த்திட்டாப் போதுமா? குழாய்ச் சட்டம் எதுக்கு?

செடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வலை பறவைக்கு உட்காரும் பலகை ஆகிவிடுகிறது. அதன் மேல் உட்கார்ந்து கண் வழியாகவே கொத்தும். கொடி வலைக்குள் புகுந்து பின்னிக்கொள்வதால் அறுவடையின்போது ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றைக் கிழிக்க வேண்டியிருக்கும். வலைக்கும் காய்க்கும் நடுவே குறைந்தது 15 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

1.2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளமுள்ள பாத்திக்கு ஒரு கணக்கு. 20 மி.மீ. பி.வி.சி. குழாயை 1.9 மீட்டர் நீளத்தில் நான்கு துண்டாக வெட்டுங்கள். 60 செ.மீ. நீள இரும்புக் கம்பி எட்டு எடுத்து, பாத்தியின் இரு ஓரத்திலும் மீட்டருக்கு ஒன்றாக நேருக்கு நேர் பாதியளவு மண்ணில் அடியுங்கள். வெளியே நிற்கும் பாதியில் குழாயின் முனைகளைச் செருகினால் 60 செ.மீ. உயர அரைவட்டம் கிடைக்கும். உச்சியில் 3 மீட்டர் குழாய் ஒன்றை நீளவாக்கில் கட்டுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் குழாயைத்தான். அது இல்லாவிட்டால் முதல் மழையிலேயே வலை வளைவுகளுக்கு நடுவே தொங்கி, செடியின் தலையில் உட்கார்ந்துவிடும். இதற்கு வலை 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் வேண்டும். ஓரங்களை மண்ணில் அழுத்த மீதி இருக்கும்.

கம்பம் நட்டுச் சதுரமாகக் கட்டினால் கம்பத்தின் தலையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து விடுங்கள். வலை அந்த முனையில்தான் முதலில் கிழியும்.

8. ஒழுங்கா வலை கட்டியும் உள்ள ஒரு குருவி உட்கார்ந்திருக்கு. எப்படிப் போச்சு?

கீழே பாருங்கள். பெரும்பாலும் மேலே இருந்து வந்திருக்காது, தரையோரமாக நடந்து உள்ளே போயிருக்கும். நாலு விரல் உயர இடைவெளி தாராளமாகப் போதும். உள்ளே வந்த வழி அதற்கு மறந்துவிடும், மேலேயே மோதிக்கொண்டிருக்கும்.

ஓரத்தை ஒரு நீளக் குழாயிலோ மூங்கிலிலோ சுற்றித் தரையில் கிடத்துங்கள், பாயைச் சுருட்டுவது போல. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கல் வைப்பதைவிட இது நன்றாக மூடும், களை எடுக்கத் திறப்பதும் எளிது. மரமாக இருந்தால் வலையின் அடியை அடிமரத்தோடு சேர்த்துச் சுருக்குப்பை போலக் கட்டிவிடுங்கள். காலையும் மாலையும் ஒரு சுற்றுப் பார்ப்பது வலை கட்டியவரின் கடமை.

9. வலை போட்ட பிறகு பூ நிறைய வருது, பிஞ்சே பிடிக்கல. வலைதான் காரணமா?

பூசணி, சுரை, பீர்க்கு, வெள்ளரி என்றால் அநேகமாக ஆம். 5 மி.மீ. கண்ணில் தேனீ நுழைய முடிந்தாலும் தயங்கும், பெரிய கரு வண்டு நுழையவே முடியாது. தக்காளி, பீன்ஸ் போன்றவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், அவற்றுக்கு இந்தக் கவலை குறைவு.

பழமரத்துக்குப் பிஞ்சு பிடித்த பிறகே வலை போடுங்கள். 3ஆம் பதிலில் சொன்ன ஆபத்துக் காலத்துக்கு அது போதும். கொடிவகைக்கு, பூ விரிந்திருக்கும் நேரத்தில் ஓரத்தைத் தூக்கிவிடலாம் அல்லது கையாலேயே சேர்க்கலாம். ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, அன்று விரிந்த பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவ வேண்டும். அடியில் குட்டிப் பிஞ்சு இருப்பது பெண் பூ. பூசணி அதிகாலையில் விரியும், சுரையும் பீர்க்கும் மாலையில்.

10. மரம் பெரிசு, வலை போட முடியாது. பழத்துக்குப் பை கட்டலாமா?

கட்டலாம். கொய்யா, மாதுளை, மா மூன்றுக்கும் காய் எலுமிச்சை அளவு வந்ததும் தொடங்குங்கள். திராட்சைக்கு முழுக் குலைக்கும் ஒரே பை. பையின் வாயைக் காம்பில் கட்டாமல் காம்பு கிளம்பும் சிறு கிளையில் கட்டுங்கள். மழையில் நனைந்து பை கனத்தால் அந்தக் கனம் காம்பில் ஏறிக் காய் உதிரும்.

மெல்லிய வலைத்துணிப் பை நல்லது. காற்று போகும், பழ ஈயும் முட்டையிட முடியாது. ஆனால் துணி காயின் தோலோடு ஒட்டியிருந்தால் ஈ துணிக்கு மேலிருந்தே முட்டையைச் செலுத்திவிடும், ஆகவே பை தொளதொளவென்று இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் வியர்த்துக் காய் அழுகும். வேறு கிடைக்கவில்லை என்றால் கீழ் மூலைகள் இரண்டையும் வெட்டிவிடுங்கள். காகிதப் பை மைனாவுக்குப் போதும், கிளிக்குப் போதாது.

11. தக்காளி சிவக்கறதுக்கு முன்னாடியே கொத்திடுது. என்னதான் பண்றது?

முந்திக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் லேசாக இளஞ்சிவப்பு தட்டியவுடன் பறித்து, நிழலில், 20 முதல் 25 டிகிரி சூட்டில் வையுங்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் சிவந்துவிடும். வெயில் தேவையில்லை. 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு சரியாக ஏறாமல் மஞ்சளாக நிற்கும்.

மா, பப்பாளி, சப்போட்டா, வாழை இவற்றையும் முற்றியதும் பறித்துப் பழுக்கவைக்கலாம். திராட்சை, மாதுளை, ஸ்ட்ராபெரி பறித்த பிறகு இனிப்பு ஏறாது. அவற்றுக்கு வலையோ பையோதான் வழி.

12. தண்ணி வெச்சா தக்காளியைக் கொத்தாதாமே? அது இன்னும் நாலு பறவையைக் கூப்பிடாதா?

கோடையில் தக்காளியையும் வெள்ளரியையும் பல பறவைகள் தாகத்துக்காகவே கொத்துகின்றன. ஒரு பழத்தில் ஒரே ஒரு கொத்து, அடுத்த பழத்தில் இன்னொரு கொத்து என்று இருந்தால் தாகமாக இருக்கலாம். 3 முதல் 5 செ.மீ. ஆழமுள்ள அகலத் தட்டில் தண்ணீர் வைத்து, பாத்தியிலிருந்து முடிந்த அளவு தள்ளி வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை கழுவி மாற்றினால் கொசு பெருகாது.

கூடுதல் பறவைகள் வரும் என்பது உண்மைதான். அதனால் இதை வலைக்குத் துணையாகச் செய்யுங்கள், வலைக்குப் பதிலாக வேண்டாம்.

13. சிடி, மின்னும் ரிப்பன், பிளாஸ்டிக் ஆந்தை, சோளக்கொல்லை பொம்மை. இதுல எது வேலை செய்யும்?

எல்லாமே சில நாள் வேலை செய்யும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பயம் தெளிந்துவிடும், அசையாத ஆந்தையின் தலையிலேயே காக்கை உட்காரும். பழம் நிறம் மாறும் அன்றைக்குக் கட்டி, அறுவடை முடிந்ததும் கழற்றி வைப்பவருக்குத்தான் இவை உதவும். வருடம் முழுக்கத் தொங்கவிட்டால் அது அலங்காரம்.

இருப்பதில் ரிப்பன் மேல். 2 மீட்டருக்கு ஒரு வரிசையாக, இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்த்தி, நாலைந்து முறுக்குப் போட்டுக் கட்டுங்கள். அப்போதுதான் காற்றில் அதிர்ந்து மின்னவும் படபடக்கவும் செய்யும். எதைக் கட்டினாலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். அசைவை உணர்ந்து தண்ணீரைப் பீய்ச்சும் தெளிப்பான் மற்றவற்றைவிட நீண்ட நாள் தாங்குகிறது.

14. அல்ட்ராசானிக் கருவி வாங்கலாமா?

வேண்டாம். பறவைகளுக்கு 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை நன்றாகக் கேட்கும். 10,000க்கு மேல் பெரும்பாலானவற்றுக்கு ஏறக்குறைய எதுவும் கேட்காது. அந்தக் கருவி எழுப்புவதோ 20,000க்கு மேல். கேட்காத சத்தத்துக்குப் பறவை பயப்படாது.

15. மிளகாய்க் கரைசல் தெளிச்சேன், கிளி கண்டுக்கவே இல்ல. கரைசல் பத்தலையா?

அளவு குறையில்லை. மிளகாயின் காரத்தை உணரும் நரம்பு, பாலூட்டிகளுக்குச் செய்வது போலப் பறவைகளுக்கு வேலை செய்வதில்லை. காட்டு மிளகாயின் விதையைப் பரப்புவதே பறவைகள்தான். அணிலுக்கும் எலிக்கும் அந்தக் கரைசல் உறைக்கும், கிளிக்கு உறைக்காது.

பறவைகளுக்கு உண்மையிலேயே பிடிக்காத ஒரு பொருள் மெத்தில் ஆந்த்ரனிலேட். சில வகைத் திராட்சையில் இயற்கையாக இருப்பது, நமக்குத் திராட்சை மணமாகவே தெரியும். அதைக் கொண்ட தெளிப்பான்கள் உண்டு. ஆனால் வெயிலில் சிதைந்துபோகும், மழையில் கரையும், அடிக்கடி தெளிக்க வேண்டும். உறையில் உள்ள அளவையும் அறுவடைக்கு முந்தைய இடைவெளியையும் மீறாதீர்கள்.

16. பால்கனித் தொட்டியில புறா முட்டையே போட்டுடுச்சு. எடுத்துப் போட்டுடலாமா?

பல நாடுகளில் முட்டையுள்ள கூட்டைக் கலைப்பதற்குச் சட்டத் தடை இருக்கிறது. உங்கள் பகுதி விதியைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். பொறுப்பதென்றால் புறா முட்டை பொரிய 17 முதல் 19 நாள், குஞ்சு பறக்க இன்னும் நாலைந்து வாரம், ஆக ஏறத்தாழ ஏழு வாரம். சிட்டுக்குருவியும் கொண்டைக்குருவியும் ஒரு மாதத்தில் இடத்தைக் காலி செய்துவிடும்.

குஞ்சு பறந்த அன்றே சுத்தம் செய்து அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதே ஜோடி அடுத்த ஈட்டுக்குத் தயாராகும். காலித் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். செடியுள்ள தொட்டியில் மண் தெரியாதபடி முட்டை அளவுக் கூழாங்கல்லைப் பரப்புங்கள். நாலு குச்சியைக் கண்ட அன்றே எடுத்தால் விஷயம் முட்டைவரை போகாது. நிரந்தரத் தீர்வு, 6ஆம் பதிலில் சொன்ன முடிச்சு வலையை 30 செ.மீ.க்கு ஒரு கொக்கியாக அடித்து இறுக்கிக் கட்டுவது.

17. கைப்பிடிச் சுவர்ல முள்ளுப் பட்டை ஒட்டினா?

புறா உட்காருவதைத் தடுக்கும், பாத்தியை அது காக்காது. பட்டைக்கும் சுவர் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விட்டாலும் அங்கே உட்காரும். முழு அகலத்துக்கும் ஒட்டுங்கள். முள்ளைக் கண்டு எல்லாப் பறவையும் மிரளும் என்றும் நினைக்க வேண்டாம். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் மேக்பை என்னும் காக்கை இனப் பறவையின் ஜோடி ஒன்று ஏறத்தாழ 1,500 முட்களைக் கொண்டு கூடே கட்டியிருந்ததை 2023இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

18. ஒட்டுப் பசை, விஷம் வெச்சுடலாம்னு சிலர் சொல்றாங்க...

கேட்காதீர்கள். பசையில் தொல்லைப் பறவை மட்டும் மாட்டாது, தேன்சிட்டும் தையல்சிட்டும் இறகு ஒட்டிப் பட்டினியில் சாகும். விஷம் தின்ற பறவையைத் தின்னும் பூனைக்கும் பருந்துக்கும் அந்த விஷம் போகும். பெரும்பாலான நாடுகளில் இது குற்றமும்கூட.

19. பூனை வளர்த்தா சரியாகிடுமா?

பூனை புழு பொறுக்கும் பறவைகளையும் சேர்த்தே கொல்லும், விதைத்த பாத்தியைத் தோண்டிக் கழிக்கும். வலை பூனையைவிட மலிவு.

20. வலையில ஒரு பறவை மாட்டித் துடிக்குது. என்ன செய்யறது?

இழுக்காதீர்கள். முதலில் மெல்லிய துண்டால் தலையை மூடுங்கள், இருட்டானதும் அடங்கும். ஒரு கையால் இறக்கைகளை உடலோடு அணைத்துப் பிடித்து, சிறு கத்தரியால் வலையை வெட்டுங்கள். வலையைக் காப்பாற்ற நினைத்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தால் பறவை களைத்தே செத்துவிடும். கால், இறக்கை இடுக்கு, கழுத்து மூன்றிலும் நூல் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். நூல் இறுக்கி வீங்கியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

காயமில்லை என்றால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் அரை மணி நேரம் அமைதியாக விட்டு, அதே இடத்தில் திறந்துவிடுங்கள். அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

21. எச்சம் விழுந்த கீரையைச் சாப்பிடலாமா?

எச்சம் பட்ட இலைகளைக் கிள்ளி எறியுங்கள், பச்சையாகத் தின்னும் இலையில் கழுவிச் சமாளிக்க நினைக்க வேண்டாம். சமைக்கும் கீரையில் மற்ற இலைகளை ஓடும் தண்ணீரில் அலசி நன்றாக வேகவையுங்கள். காய்ந்து குவிந்த புறா எச்சத்தை உலர்வாகப் பெருக்காதீர்கள், அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டு வழித்தெடுங்கள்.

22. எல்லாம் சரியாத்தான் கட்டியிருக்கேன். கிளி வலையையே கடிச்சு ஓட்டை போட்டு உள்ள போகுது. இனி என்ன?

கிளியின் அலகுக்கு நைலான் ஒரு பொருட்டே இல்லை. அது வழக்கமாக உட்காரும் பக்கம் எது என்று இரண்டு காலை பாருங்கள், பெரும்பாலும் ஒரே கிளையில் இறங்கி ஒரே இடத்தில்தான் கடிக்கும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் 12 மி.மீ. கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலையைச் சட்டத்தில் அடியுங்கள். கம்பி விறைப்பாக நிற்பதால் 6ஆம் பதிலில் சொன்ன தொய்வுப் பிரச்சினை இதற்கு இல்லை. வலைக்கு அருகே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை ஒரு மீட்டர் தள்ளி வெட்டிவிடுங்கள்.

ஓட்டையை அன்றைக்கே தைத்துவிடுங்கள். ருசி கண்ட கிளி மறுநாள் தன் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு வரும்.